ஏழு மணிப் பழுது

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் ஆண்டில், பினாங்கு டத்தோ கிராமாட்டில், திருவாளர் குலசேகரம் அவர்கள், பெற்ற மகளோடு ஒரு வார்த்தையும் பேசாமலே அவளோடு தொடர்புகொள்ளும் வழியைக் கண்டுபிடித்தார். முதல் இரண்டையும் கண்டுபிடித்த புண்ணியவான்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்றாமவருக்கும் அந்தக் கதி நேரக் கூடாது.

குலசேகரம் அரசாங்க இலாகா ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்றது அவர்தான், அவருக்குள் இருந்த கிராணி ஒரு நாளும் ஓய்வெடுக்கவில்லை. வீட்டில் சட்னிக்குத் தேங்காய் வாங்குவதென்றாலும் மனைவி ஞானாம்பிகை முதலில் 'விண்ணப்பிக்க' வேண்டும். வீட்டுத் தொலைபேசியின் எண்களை மூடி ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவி அவர் இடுப்பில். வருகிற அழைப்பை யாரும் எடுக்கலாம். போகிற அழைப்புக்கு அனுமதி வேண்டும். ஞானாம்பிகை முப்பத்தைந்து வருடமாக இந்த இலாகாவின் கீழ் வேலை பார்க்கிறாள். பதவி உயர்வு கிடைத்ததில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், பத்மாவதி. இரண்டு வருடத்துக்கு முன் அவள் சந்திரசேகரன் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். நல்ல சம்பளம். குடியில்லை, சிகரெட் இல்லை, எதிர்த்துப் பேசும் வழக்கமும் இல்லை. அவனிடம் இருந்த ஒரே குறை, தாசேக் கெலுகோர் தோட்டத்து லாரி டிரைவர் பிச்சைமுத்துவுக்கு மகனாகப் பிறந்தது. குலசேகரத்தின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறியது வெள்ளைக்காரனுக்குக் கணக்கெழுத. பிச்சைமுத்துவின் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறியது ரப்பர் மரத்தில் பால் வெட்ட. இரண்டு கப்பலும் வந்து நின்றது ஒரே துறைமுகம்தான். துறைமுகத்துக்கு என்ன தெரியும்?

கல்யாணத்தன்று குலசேகரம் ஓர் ஆணை பிறப்பித்தார்.

"அவளோட நான் ஒரு சொல்லும் கதைக்க மாட்டன். அவளின்ர குரல் இந்த வீட்டில எனக்குக் கேட்கப்படாது. இது முடிவு."

ஞானாம்பிகை ஆணைக்குக் கீழ்ப்படிந்தாள். அதாவது, அவர் காதில் விழாமல் பார்த்துக்கொண்டாள். தினமும் மாலை ஏழு மணிக்கு அவர் உலாவப் போவார். ஏழு மணிக்குப் பிறகு தொலைபேசிக் கட்டணம் மலிவு என்று சின்ன வயதிலேயே அப்பாவிடம் பாடம் படித்த மகள் அந்த நேரத்துக்குச் சரியாகக் கூப்பிடுவாள். இரண்டு வருடம் இந்த ஏற்பாடு ஒரு குறையுமில்லாமல் நடந்தது. பத்மாவதிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியும் அப்படித்தான் வந்தது. ஞானாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவர் வந்ததும், கோயிலில் யாரோ சொன்னார்கள் என்று சொன்னாள்.

குலசேகரம் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் போய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார்.

ஆணையை அவர் ரத்து செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆணையை ரத்து செய்வது சின்ன மனிதர்கள் வேலை. அவர் அதற்கு 'விளக்கம்' கொடுத்தார்.

"பேச்சு வேற, கடிதப் போக்குவரத்து வேற," என்றார் மனைவியிடம். "ஒருத்தரோட ஒருத்தர் முகம் குடுக்காத இலாகாக்கள் கூட எழுத்தில கதைக்கும். ஈமெயிலுக்குக் குரல் இல்லை."

"அப்ப ஒரு காயிதம் எழுதித் தபால்ல போடுங்கோவன்."

"தபால்ல என்ர கையெழுத்து இருக்கும். நடுங்கினால் தெரியும். ஈமெயில்ல கையெழுத்தும் இல்லை. நீர் சும்மா இரும்."

கடல் கடந்து அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செய்தி அனுப்ப உண்டாக்கிய இணையம், அவர் வீட்டில், பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாசேக் கெலுகோருக்கு ஒரு கடிதம் அனுப்பக் காத்திருந்தது. மாப்பிள்ளையின் தொழிற்சாலையில் அவனுக்கு ஓர் ஈமெயில் முகவரி உண்டென்று கோயிலில் விசாரித்து வைத்திருந்தார். அதற்குத்தான் கடிதம் போக வேண்டும். அவன் படித்து அவளிடம் சொல்வான்.

முப்பத்தோராம் நாள், சனிக்கிழமை காலை, துடக்கு என்கிற பிறப்புத் தீட்டுக் கழித்துப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள். அதற்குள் கடிதம் போய்விட்டால் இவர் முறைப்படி சமாதானமாகிவிடுவார். தானும் போய் பேத்தியைக் கையில் வாங்கலாம். ஞானாம்பிகைக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

இணைய நேரம் மாலை ஏழு முதல் எட்டு வரை என்று உத்தரவாயிற்று. உலாவுதல் நிறுத்தப்பட்டது. சுவரில் ஒரே ஒரு பிளக் இருந்ததால் தொலைபேசியின் வயரைப் பிடுங்கி, அந்த இடத்தில் கம்ப்யூட்டரோடு வந்த மோடத்தின் வயரைச் செருகினார். மகளின் அழைப்பு வரும் நேரமாயிற்றே என்று ஞானாம்பிகை நினைத்தாள். ஆனால் லைன் எங்கேஜ் என்று கேட்டால் பிள்ளை விளங்கிக்கொள்வாள், நாலைந்து நாள்தானே. தகப்பனே எழுத உட்கார்ந்திருக்கும்போது தாய் குறுக்கே நிற்கலாமா? அவள் தேநீர் போடப் போனாள்.

மோடம் கிறீச்சிட்டது, கரகரத்தது, பிறகு அமைதியானது. உலகத்தோடு இணைப்புக் கிடைத்துவிட்டது. குலசேகரம் இரண்டு விரலால் கடிதத்தைத் தட்டத் தொடங்கினார். நாலு வரி போவதற்குள் மோடத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. திரையில் ஒரு சிறு கட்டம் குதித்தது: தொடர்பு துண்டிக்கப்பட்டது. கடிதம் மாயமாயிற்று.

"இதென்ன பதில்?" என்றார் குலசேகரம் கட்டத்தைப் பார்த்து. "தேதி இல்லை, கையொப்பம் இல்லை, காரணம் சொல்லேல்லை."

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். உடனே, பொறுப்புள்ள எந்த நிர்வாகியும் செய்யக்கூடியதை அவர் செய்தார். ஒரு குழு அமைத்தார்.

'இணைப்புப் பழுது ஆராய்வுக் குழு'வில் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் தியாகராஜா; ரயில்வேயில் சிக்னல் பகுதியில் இருந்தவர். மற்றவர் அப்புத்துரை, ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தவர். இருவரும் கோயில் நிர்வாக சபையில் குலசேகரத்தோடு பல வருடம் உட்கார்ந்தவர்கள் என்பதால், ஒரு காரியத்தை முடிக்காமல் எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதில் நல்ல பயிற்சி உண்டு. மாலை ஏழுக்குக் கூட்டம் கூடும். முதலில் தேநீர். பிறகு முந்திய கூட்டத்தின் அறிக்கை. பிறகு மோடம்.

தியாகராஜா தண்டவாளத்தைச் சோதிப்பதுபோல் வயரைச் சோதித்தார். சுவரிலிருந்து தொடங்கி, ஜன்னல் வழியாக வெளியே வந்து, குடையோடு கம்பம் வரைக்கும் நடந்து திரும்பினார்.

"லைன் கிளியர்," என்றார். "பழுது வண்டியிலதான்."

அப்புத்துரை மோடத்தைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இருக்கு." மேசை விசிறி வரவழைக்கப்பட்டது. பிறகு சிவப்பு விளக்கின் நாடியைப் பிடித்தார். "ரெண்டு துடிப்பு, ஒரு ஓய்வு. ரெண்டு துடிப்பு, ஒரு ஓய்வு. இது சாகிற நாடி இல்லை, குலம். ஆரோ கூப்பிடுற மாதிரி இருக்கு."

"கவிதை வேண்டாம், அப்புத்துரை. அறிக்கையில எழுதுற மாதிரிச் சொல்லும்."

"விளக்கு எரியுது, அணையுது."

"அது சரி."

இதற்கிடையே கடிதத்தின் வாசகமும் குழுவின் பரிசீலனைக்கு வந்தது. 'கைக்குழந்தையுடன் இவ்வில்லத்துக்கு வருகை தருவதில் ஆட்சேபணை இல்லை' என்பது மையக் கருத்து. 'அன்புள்ள மகளுக்கு' என்று தொடங்கலாமா, 'மகளுக்கு' என்று மட்டும் போதுமா என்பதில் இரண்டு மாலை போயிற்று. 'அன்புள்ள' என்ற சொல் பின்னால் நமக்கெதிராகக் காட்டப்படலாம் என்றார் தியாகராஜா. குலசேகரம் அதை நீக்கினார். பிறகு யாரும் பார்க்காதபோது திரும்பவும் எழுதினார். தேநீர்க் கோப்பை எடுக்க வந்த ஞானாம்பிகை அதைப் பார்த்துவிட்டாள். இந்த மனிதனுக்குள்ளும் ஒரு தகப்பன் கிடந்து தவிக்கிறான் என்று அவளுக்கு இளகிப்போயிற்று. அதனால்தான் அவள் இன்னும் பொறுத்தாள்.

மோடம் கடைக்குப் போய்த் திரும்பியது. கடைக்காரர் ஒரு குறையும் இல்லை என்றார். கம்ப்யூட்டரின் மேசையை வடக்குப் பார்க்கத் திருப்பினார்கள். மோடத்துக்குத் திருநீறும் பூசப்பட்டது. அது குழுவின் தீர்மானம் இல்லை, அப்புத்துரையின் சொந்த முயற்சி. ஆனாலும் தினமும், ஏழு மணி தாண்டியதும், இரண்டு துடிப்பு ஓர் ஓய்வாக விளக்கு மினுக்கி, தொடர்பு அறுந்தது. சில நாள் இரண்டு மூன்று தடவை.

பெயர் வைக்கும் வாரம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை தியாகராஜா ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி வாங்கி வந்தார். ஒரே பிளக்கில் மோடத்தையும் தொலைபேசியையும் சேர்த்துச் செருகலாம்.

"லைன் அறுபடேக்குள்ள போனில என்ன சத்தம் வருது எண்டு கேட்டால் பழுது பிடிபடும்," என்றார்.

செருகினார்கள். மோடம் கிறீச்சிட்டது, இணைந்தது. குலசேகரம் தட்டினார். விளக்கு மினுக்கியது. கட்டம் குதித்தது. அதே கணம், அருகிலிருந்த தொலைபேசி மணி அடித்தது.

குழு முழுவதும் அதைப் பார்த்தது. பழக்கதோஷத்தில் குலசேகரம் எடுத்தார்.

"ஹலோ?"

அந்த 'ஹலோ' முடியுமுன்னே பாய்ந்து வந்த குரல் அடுப்படி வாசலில் நின்ற ஞானாம்பிகைக்கே கேட்டது. அவ்வளவு சத்தமாகவா பேசினாள், அல்லது தாய்க் காதா, தெரியவில்லை.

"அம்மா? அம்மாவா? எத்தனை நாளா அடிக்கிறேன், மணி போய்க்கிட்டே இருக்கு, எடுக்கவே மாட்டேங்கிறீங்க. நீங்களுமா அம்மா என்னோட கோவம்?"

இரண்டு வருடத் தோட்டத்து வாசத்தில் அவள் பேச்சுக் கூட மாறியிருந்தது. குலசேகரத்தின் முகம் வெளுத்தது. உள்ளங்கையால் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு குழுவைப் பார்த்தார்.

"நான் கேட்டிட்டன். இது ஆணையை மீறினதோ?"

"நீ கதைக்கேல்லைத்தானே," என்றார் தியாகராஜா. "அவள்தான் கதைச்சது. உன்ர பக்கம் சுத்தம்."

"'ஹலோ' எண்டு சொன்னன்."

"அது அவளெண்டு தெரியாமச் சொன்னது. செல்லாது."

ஞானாம்பிகை ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஓடி வந்தாள். "தாங்கோ இஞ்ச!" அவள் கை ரிசீவரைத் தொடுவதற்குள் குலசேகரம் அதை வைத்துவிட்டார். மெதுவாக, மரியாதையாக, அலுவலகக் கோப்பு ஒன்றை மூடுவதுபோல் வைத்தார். பிறகு நிமிர்ந்து அறிவித்தார்:

"பழுது பிடிபட்டிட்டுது!"

குழு கை தட்டியது. தியாகராஜா விளக்கம் சொன்னார். ஓர் அழைப்பு நடக்கும்போது இன்னொரு அழைப்பு வந்தால் 'டிக்' என்று அறிவிக்கும் சேவை இந்த லைனில் இருக்கிறது. கோயில் தலைவர் கூப்பிடும்போது தன் லைன் எங்கேஜாக இருக்கக் கூடாதென்று குலசேகரமே எழுதிக் கேட்டு வாங்கிய சேவை அது. அந்த 'டிக்' விழுந்தால் மோடத்துக்குக் குழப்பம், தொடர்பு போய்விடும்.

"அப்ப கூப்பிடுற ஆளுக்கு எங்கேஜ் எண்டு கேக்காதோ?" என்றாள் ஞானாம்பிகை.

"கேக்காது, அக்கா. மணி அடிக்கிற மாதிரித்தான் கேக்கும். ஒருத்தரும் எடுக்கேல்லை எண்டு நினைப்பினம்."

ஞானாம்பிகை போன நாட்களை விரல் விட்டு எண்ணினாள். பச்சை உடம்புக்காரி மகள், கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் அந்த மணியைக் கேட்டிருக்கிறாள். அம்மாவும் கைகழுவிவிட்டாள் என்று நினைத்திருக்கிறாள். தகப்பன் கடிதம் எழுதட்டும் என்று தான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் கிடைத்தது இது. கூட்டம், அடுத்த நடவடிக்கையைத் தலைவரிடம் ஒப்படைத்துக் கலைந்தது.

மறுநாள் காலை தொலைபேசி அலுவலகத்துக்குக் குலசேகரம் புறப்பட்டபோது ஞானாம்பிகையும் கூடப் போனாள். கவுண்டரில் நோர்மா என்ற இளம் பெண். அவள் மலாயில் கேட்டாள். அவர் அரசாங்க மலாயில் பதில் சொன்னார். தமிழில் அது இப்படி இருக்கும்:

"என்ன பிரச்சினை, அங்கிள்?"

"தினமும் ஏழு மணிக்கு ஒரு வெளி அழைப்பு வருது. அந்த 'டிக்' சேவையை நிறுத்த வேணும்."

"தொந்தரவு போன் காலா? போலீஸ் ரிப்போர்ட் போடணும் லா."

"போலீஸ் வேண்டாம். கூப்பிடுறது மகள்."

"யார் மகள்?"

"என்னுடைய மகள்."

"மகள் கூப்பிடுறது அங்கிளுக்குத் தொந்தரவா?"

"எனக்கில்லை. மோடத்துக்கு."

"மோடத்தில அங்கிள் என்ன பண்றீங்க?"

"கடிதம் எழுதுறன்."

"யாருக்கு?"

"மகளுக்கு."

நோர்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அவங்க கூப்பிடுறப்ப எடுத்துப் பேசிட்டா முடிஞ்சு போச்சு லா."

"அப்படிச் செய்யேலாது. எல்லாம் முறைப்படி நடக்க வேணும்."

நோர்மா ஞானாம்பிகையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. இந்தக் கடிதம் ஒரு தரம் போய்த் தொலையட்டும் என்று ஞானாம்பிகை தலையை ஆட்டினாள். வெள்ளிக்கிழமையிலிருந்து சேவை நிற்கும் என்று பதில் கிடைத்தது.

புதனும் வியாழனும் இணைய நேரத்துக்கு விடுமுறை. குலசேகரம் பழையபடி உலாவப் போனார். தொலைபேசி அதன் இடத்தில் இருந்தது. ஞானாம்பிகை இரண்டு நாளும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மணி அடிக்கவில்லை. எடுத்தும் பேசாமல் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு எந்தப் பிள்ளை திரும்பக் கூப்பிடும்?

பக்கத்து வீட்டு சலேஹாவிடம் கேட்டு அவள் போனில் மகளோடு பேசலாம். வீட்டில் போன் இருக்கும்போது ஏன் என்று சலேஹா கேட்பாள். இத்தனை நாள் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஞானாம்பிகை அந்தப் படியை மிதிக்கவில்லை. வியாழக்கிழமை மிதித்தாள். சலேஹா ஒன்றும் கேட்கவில்லை. போனை மேசையில் நகர்த்தி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். பத்மாவதி எடுத்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பின்னால் பிள்ளையும் அழுதது.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. குழு சரித்திரத்துக்குச் சாட்சியாகக் கூடியிருந்தது. மோடம் இணைந்தது. நாலு வரி போயிற்று, எட்டு வரி போயிற்று, விளக்கு மினுக்கவில்லை. 'அன்புள்ள' என்ற சொல்லும் இடம்பெற்றது. தியாகராஜா பெருந்தன்மையோடு வேறு பக்கம் பார்த்தார். குலசேகரம் கடைசிப் பொத்தானை அழுத்தினார். கடிதம் அனுப்பப்பட்டது என்று திரை சொன்னது.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சந்திரசேகரன் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து கும்பிட்டான்.

"அத்தையைக் கூட்டிட்டுப் போக வந்தேன், மாமா. காலையில பேர் வைக்கிறோம்."

மாப்பிள்ளையைப் பற்றி ஆணையில் ஒன்றுமில்லை. அப்படி ஒருவன் இருப்பதாகவே இலாகா ஒப்புக்கொண்டதில்லை. குலசேகரம் தியாகராஜாவின் பக்கம் திரும்பினார்.

"கடிதம் கிடைச்சுதோ எண்டு கேளும்."

தியாகராஜா, இரண்டு முழம் தள்ளி நின்றவனிடம் கேட்டார். "கடிதம் கிடைச்சுதோ?"

"என்ன கடிதம்ணே?"

"ஈமெயில். உங்கட கம்பெனிக்கு. இப்பத்தான் போனது."

"நான் இந்த வாரம் முழுக்க லீவுல இருக்கேன். திங்கட்கிழமைதான் பார்க்க முடியும்." அவன் மாமனாரையே பார்த்துக் கேட்டான். "என்ன மாமா எழுதியிருக்கீங்க?"

குலசேகரம் தொண்டையைச் செருமினார். "பிள்ளையோட வர... ஆட்சேபணை இல்லை எண்டு."

பையனின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நீங்களே வாங்க, மாமா! கார்ல இடம் இருக்கு. பத்மா செவ்வாய்க்கிழமையிலேர்ந்து சரியாச் சாப்பிடல. உங்களப் பாத்தா போதும்."

குலசேகரத்தின் கை மவுஸை விட்டு எழுந்தது. ஞானாம்பிகை அதைப் பார்த்தாள். அந்தக் கை சட்டை மாட்டப்போகிறது என்று ஒரு நொடி நம்பினாள். வாழ்க்கையில் அவ்வளவு வேண்டுதலோடு அவள் அந்தக் கையைப் பார்த்ததில்லை.

கை திரும்பவும் மவுஸில் உட்கார்ந்தது.

"எழுத்தில அனுப்பியாச்சு," என்றார் குலசேகரம். "பதிலும் எழுத்தில வரட்டும். அதுக்குப் பிறகு யோசிக்கலாம். முறை எண்டு ஒண்டு இருக்கு."

ஞானாம்பிகை உள்ளே போனாள். காலையிலேயே கட்டி வைத்திருந்த பையோடு வந்தாள். குழந்தைக்கு வாங்கிய சின்ன வெள்ளிக் கொலுசின் சத்தம் பைக்குள் கேட்டது. வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"சோறு அடுப்பில இருக்கு. நீங்கள் பழுதைச் சரியாத்தான் வெட்டிப்போட்டீங்கள். இனி உங்களுக்கு நாங்கள் ஒருத்தரும் குறுக்க வர மாட்டம்."

கார் போயிற்று. அப்புத்துரை எழுந்து, தேநீர் குடிக்காமல் கிளம்பினார். சற்றுப் பொறுத்துத் தியாகராஜாவும்.

குலசேகரம் பதிலுக்காகத் திரையின் முன் உட்கார்ந்திருந்தார். எட்டு மணி வரை தொடர்பு ஒரு தரமும் அறவில்லை. அன்று மாலை பினாங்குத் தீவிலேயே அவ்வளவு சுத்தமான இணைப்பு வேறெந்த வீட்டுக்கும் கிடைத்திருக்காது. அறுத்துக் குறுக்கே வருவதற்கு அந்த வீட்டில் இப்போது ஒரு மனிதக் குரலும் இல்லை.